ஞானப் பெற்றோர் எங்கே?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நாள் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா மலருக்குப் பெயர்ப் பட்டியல் எடுத்துத் தரும்படி பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதால், மூன்று வாரங்கள் பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய ஞானஸ்நான ஏடுகளைப் புரட்டினேன். மங்கிய மை, கரையான் தொட்ட ஓரங்கள், ஒவ்வொரு குருவானவருக்கும் ஒவ்வொரு விதமான கையெழுத்து. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தாய் பெயர். அதற்குப் பிறகு ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று இரண்டு கட்டங்கள். அந்த ஞானத்தந்தை என்ற கட்டத்தில் என்னுடைய பெயர் 11 இடங்களில் இருந்தது.

பதினொன்று! எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வாத்தியார் என்றால் ஞானத்தந்தையாக நிற்கக் கூப்பிடுவது அந்நாளில் வழக்கம். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் நின்றேன், மெழுகுதிரி பிடித்தேன், பிள்ளைக்குச் சங்கிலியோ கொலுசோ போட்டேன், விருந்து சாப்பிட்டேன், வீடு திரும்பினேன். ஏட்டைப் பார்த்த அன்றிரவு ஒரு தாளை எடுத்து, அந்தப் பதினொரு பேரும் இன்று எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். நான்கு பேரைப் பற்றித்தான் எழுத முடிந்தது. மற்ற ஏழு பேருக்கு நேராகத் தாள் வெறுமையாகவே இருந்தது.

ஆகவே, இந்த உரையின் தலைப்பை உங்களைப் பார்த்துக் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஞானப் பெற்றோர் எங்கே?

பெற்றவர் ஏன் ஆகாது?

திருச்சபையின் சட்டத்தில் ஒரு விந்தை உண்டு. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 874-ஆம் சட்டத்தைப் பாருங்கள். ஞானப் பெற்றோராக நிற்பவர் பொதுவாக 16 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். உறுதிபூசுதல் பெற்றவராக இருக்க வேண்டும். ஏற்கும் பொறுப்புக்கு ஏற்ப வாழ்பவராக இருக்க வேண்டும். இதெல்லாம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதே சட்டம், பிள்ளையைப் பெற்ற தந்தையோ தாயோ அந்தப் பிள்ளைக்கு ஞானப் பெற்றோர் ஆகக்கூடாது என்றும் சொல்கிறது. பெற்றவர்களைவிடப் பிள்ளைமேல் அக்கறை உள்ளவர் யார்? அவர்களையே விலக்கி வைப்பானேன்?

ஆதிகாலத்தில் பெற்றோரே பிள்ளையை ஏந்தி நின்றதும் உண்டு. 813-ஆம் ஆண்டில், இன்றைய ஜெர்மனி நாட்டிலுள்ள மைன்ஸ் நகரில் கூடிய சங்கம், ஒருவர் தம் சொந்தப் பிள்ளைக்கு ஞானப் பெற்றோராக நிற்கக் கூடாது என்று விதித்தது. இரத்த உறவு வேறு, ஞான உறவு வேறு என்பது அக்காலத்துச் சிந்தனை. காரணம் அதுவாகவே இருக்கட்டும். அதனால் விளைந்த பலனைப் பாருங்கள். கோயிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பெற்றவர் அல்லாத ஒரு பெரியவராவது பெயர் சொல்லிப் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறார்.

கைக்குழந்தைக்கு அந்தப் பெரியவர் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவை வருவது 13, 14 வயதில். அந்த வயதுப் பிள்ளை வீட்டில் என்ன பேசுகிறது? "சாப்பிட்டாயா?" "ம்." "பரீட்சை எப்படி?" "ம்." கைப்பேசியும் கையுமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. பாசம் குறைந்துவிட்டது என்று தாய் அழுகிறாள். மரியாதை போய்விட்டது என்று தகப்பன் கத்துகிறார். இரண்டும் இல்லை. பெற்றவரிடமிருந்து சற்றே விலகி நின்று, தான் யார் என்று பார்க்கிற வயது அது. தகப்பன் சொன்னால் கசக்கும் அதே வார்த்தை, அடுத்த வீட்டு அண்ணன் சொன்னால் காதில் ஏறுகிறது.

34 வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். என் மகன் என்னிடம் சொல்லாததை என் சக ஆசிரியரிடம் சொன்னான். அந்த ஆசிரியரின் மகள் தன் வீட்டில் சொல்லாததை என் மனைவியிடம் வந்து சொன்னாள். அப்போது எங்கள் இருவருக்குமே உள்ளுக்குள் வருத்தம்தான். இன்று நினைத்தால், அப்படி ஒரு வீடாவது அவர்களுக்கு இருந்ததே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

வேதாகமத்தில் ஏலி என்ற முதிய குருவை நினைத்துப் பாருங்கள். சொந்த மக்கள் இருவரையும் அடக்க முடியாமல் அவப்பெயர் எடுத்தவர். ஆனால் இரவில் யாரோ தன்னைக் கூப்பிடுவதாக எண்ணி மூன்று முறை எழுந்து ஓடி வந்த சிறுவன் சாமுவேலுக்கு, கூப்பிடுகிறவர் ஆண்டவரே என்று அடையாளம் காட்டியவரும் அதே ஏலிதான். மூன்று முறை தூக்கம் கெட்டும் அவர் எரிந்து விழவில்லை. "என் பிள்ளையையே என்னால் சரியாக வளர்க்க முடியவில்லை, நான் யாருக்குப் புத்தி சொல்வது" என்று தயங்குகிறவர்கள் ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாமனும் அத்தையும்

இந்த ஞானம் நமக்கு மட்டும் உரியதல்ல. உலகத்தின் பல மூலைகளில் மக்கள் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பப்புவா நியூ கினி நாட்டைச் சேர்ந்த திரோபிரியாண்ட் தீவுகளில், 1915 முதல் 1918 வரையான ஆண்டுகளில் மலினோவ்ஸ்கி என்ற மானிடவியல் அறிஞர் தங்கி அம்மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அங்கே பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. பையன் வளர வளர, அவனைக் கண்டிப்பதும், குலத்தின் கடமைகளைக் கற்பிப்பதும் தாய்மாமன். தகப்பனோ பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும் தோழன். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் புகாண்டா மக்களிடம் அந்தப் பொறுப்பு அத்தைக்கு. தகப்பனாரின் சகோதரியை அவர்கள் "சேங்கா" என்பார்கள். பெண்பிள்ளை பருவமடையும் வயதில், தாயிடம் கேட்க வெட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, குடும்ப வாழ்வுக்கு ஆயத்தம் செய்பவள் அவள்தான்.

நமக்கு மட்டும் இது இல்லையா? காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள மாமன் வேண்டும். பெண் சமைந்தால் சீர் கொண்டுவர மாமன் வேண்டும். அந்த மாமன் வெறும் சீர்வரிசைக்காக ஏற்பட்டவர் அல்ல. தகப்பன் அடித்தால் பிள்ளை ஓடி ஒளிவது மாமன் வீட்டில்தான். மறுநாள் சமாதானம் செய்து கூட்டி வருவதும் மாமன்தான். இன்று மாமன் ஒரு ஊரில், அத்தை துபாயில், தாத்தா பாட்டி கிராமத்தில். சீர் மட்டும் தவறாமல் வருகிறது; ஓடி ஒளியத்தான் வீடு இல்லை.

மெக்சிகோ போன்ற கத்தோலிக்க நாடுகளில், பெண்ணுக்கு 15 வயது நிறையும்போது கோயிலில் நன்றித் திருப்பலி நடக்கும். அந்த விழாவில் ஞானப் பெற்றோருக்கும் இடம் உண்டு. பிலிப்பீன்ஸ் நாட்டில் கிறிஸ்துமஸ் என்றால் பிள்ளைகள் ஞானப் பெற்றோரின் வீடு தேடிப் போவார்கள். அவர்கள் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து ஆசி பெறுவார்கள். ஆனால் அங்கேயும் ஒரு குறை உண்டு. பிள்ளைக்கு யார் துணை நிற்பார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நமக்கு யார் உதவுவார் என்று பார்த்துப் பெரிய மனிதரைத் தேடிப் பிடிப்பதும் நடக்கிறது. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? சங்கிலி போடக்கூடியவர் யார் என்று பார்த்துத்தானே நாமும் கூப்பிடுகிறோம்!

ஒரு முதிய குருவும் ஒரு பையனும்

புனித தொன் போஸ்கோவை நாம் அறிவோம். இளைஞரின் தந்தை என்று போற்றுகிறோம். ஆனால் அந்தத் தந்தைக்குத் தந்தை இல்லை என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா? 1815-இல் இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தகப்பனார் இறந்துவிட்டார். தாய் மார்கரீத்தா உத்தமி. ஆனாலும் பையன் படிப்பதை மாற்றாந்தாய் அண்ணன் எதிர்த்ததால், வீட்டில் ஓயாத சண்டை. 12 வயதில் வீட்டை விட்டுப் பண்ணை வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

1829-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பிரசங்கம் கேட்டுவிட்டு மக்கள் நடந்து திரும்புகிறார்கள். கூட்டத்தில் கலோசோ என்ற முதிய குருவானவரும் வருகிறார். பக்கத்தில் நடந்த 14 வயதுப் பையனைப் பார்த்து, கேட்ட பிரசங்கத்தில் உனக்கு என்ன புரிந்தது என்று வேடிக்கையாகக் கேட்கிறார். பையன் பிரசங்கத்தை வரிசையாக ஒப்பிக்கிறான். கிழவர் அசந்து போகிறார். யாருடைய பிள்ளை, என்ன படித்திருக்கிறாய், ஏன் படிப்பை நிறுத்தினாய் என்று விசாரிக்கிறார். தம்மிடம் வரச் சொல்லி லத்தீன் கற்றுக்கொடுக்கிறார். தமக்கென ஓர் உறுதியான வழிகாட்டி, ஆன்மாவின் உண்மை நண்பர் கிடைத்தது அப்போதுதான் என்று பிற்காலத்தில் தொன் போஸ்கோ தம் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

அந்த உறவு நீடித்தது ஏறத்தாழ ஒரே ஆண்டுதான். 1830 நவம்பரில் அந்தக் குருவானவர் நோயில் விழுந்தார். பேச்சு நின்றுபோன நிலையில், தம் பணப்பெட்டியின் சாவியைப் பையனிடம் கொடுத்துச் சைகை காட்டினார். அவர் இறந்ததும் பையன் அந்தச் சாவியை அவருடைய உறவினரிடம் ஒப்படைத்துவிட்டான். பணம் அவனுக்கு வரவில்லை. ஆனால் அந்த ஓர் ஆண்டு அவனோடு கடைசிவரை இருந்தது.

1841 டிசம்பர் 8. தூரின் நகரக் கோயிலில் இளம் குரு தொன் போஸ்கோ பூசைக்கு ஆயத்தமாகிறார். பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைக் கோயிற்பிள்ளை அடித்து விரட்டுகிறார். "அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்" என்கிறார் தொன் போஸ்கோ. பையன் பர்த்தலோமேயு கரெல்லி, 16 வயது, தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அங்கே தொடங்கியதுதான் சலேசிய சபையின் கதை. பின்னர் 1850-களின் தொடக்கத்தில், தொழில் பழகப் போகும் பையன்களுக்காக முதலாளிகளோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டார். பையனை வாய்ச்சொல்லால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. தொழிலுக்குத் தொடர்பில்லாத வேலை வாங்கக் கூடாது. கலோசோ ஒரு பையனுக்குச் செய்ததை அந்தப் பையன் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தான்.

கணக்குச் சொல்வது என்ன?

புனிதர்களின் கதை நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாய் தீவில், 1955-ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு பெண் அறிஞர்கள் அவர்களுக்கு 40 வயதாகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடிகார வீடு, ஓயாத சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல இடர்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லவராக, திறமையுள்ளவராக வளர்ந்துவிட்டார். எப்படி? காரணங்கள் பல. ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, அந்தப் பிள்ளைமேல் உண்மையான அக்கறை கொண்ட ஒரு பெரியவர் இருந்தார் என்பது. பாட்டியோ, சித்தியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, கோயிலில் பழகியவரோ.

அமெரிக்காவில் 1904-ஆம் ஆண்டு, நியூயார்க் சிறுவர் நீதிமன்ற எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், கூண்டில் ஏறும் பையன்களைக் கண்டு மனம் பொறாமல், ஆளுக்கு ஒரு பையனைத் தம்பியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஊராரைக் கேட்டார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தைப் பற்றி 1995-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 10 முதல் 16 வயதுவரையுள்ள 959 பேர். துணை கிடைத்தவர்கள் போதைப் பழக்கத்தைத் தொடங்குவது, கிடைக்காதவர்களைவிட 46 விழுக்காடு குறைவு; பள்ளிக்கு மட்டம் போடுவது 52 விழுக்காடு குறைவு. அந்தப் பெரியவர்கள் செய்த அதிசயம் என்ன? மாதம் மூன்று முறை சந்தித்துச் சில மணி நேரம் கூட இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் இதையும் கேளுங்கள். 2002-இல் வந்த ஆய்வு ஒன்று, ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவில்தான் பலன் மிகுதி என்று கண்டது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளிலோ, பிள்ளை தன்னைப் பற்றி முன்பைவிடத் தாழ்வாக எண்ணத் தொடங்கியது. ஆர்வக்கோளாறில் கை கொடுத்துவிட்டுப் பாதி வழியில் உதறினால், கொடுக்காமல் இருந்ததைவிட மோசம். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

நாலு முருங்கைக்காய்

என் பதினொரு பேரில் ஒருவனைப் பற்றிப் பேச அவனிடமே அனுமதி வாங்கியிருக்கிறேன். பெயர் மட்டும் வேண்டாம். அவனுக்கு 15 வயதில் தகப்பனார் காலமானார். அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கில் தவறினான். ஒருநாள் மாலை ஏழு மணி இருக்கும். என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் மஞ்சள் பை; அதில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய நாலு முருங்கைக்காய். நான் திண்ணையில் விடைத்தாள் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன்.

"என்னப்பா?"

"சும்மாதான் சார்."

என் ஞானப்பிள்ளை என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டான். அதற்குமேல் ஓர் உறவை நான் வளர்க்கவில்லை.

"பேப்பர் திருத்திக்கிட்டிருக்கேன். நாளைக்கு வாப்பா."

முருங்கைக்காயைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா ஓடி வந்து, பையன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று அழுதார்கள்.

அவன் போய்ச் சேர்ந்த இடம் திருப்பூர். பனியன் கம்பெனி வேலை. அந்த வயதில், அந்த நிலையில், அவன் எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் சேர்ந்திருக்கலாம். ஆண்டவர் காப்பாற்றினார், ஒரு கட்டிங் மாஸ்டரின் உருவத்தில். முஸ்லிம் பெரியவர், எல்லோரும் "பாய்" என்று கூப்பிடுவார்களாம். தம் வீட்டு மாடியில் தங்க வைத்தார். சம்பள நாளில் பக்கத்தில் நின்று, அம்மாவுக்குப் பணம் அனுப்ப வைத்தார். ஞாயிறு காலை "எழுந்து கோயிலுக்குப் போயிட்டு வாடா" என்று விரட்டியவரும் அவரே. மறுவருடம் தனித்தேர்வராகக் கணக்குப் பரீட்சை எழுத வைத்தார். பையன் தேறினான். இன்று குடும்பத்தோடு நன்றாக இருக்கிறான்.

பல வருடங்களுக்குப் பிறகு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது கேட்டேன்: "அன்னிக்கு எதுக்குப்பா வந்தே?"

"மறுபடி பரீட்சை எழுதலாமா, வேலைக்குப் போயிடலாமான்னு கேக்க வந்தேன் சார்."

அரைமணி நேர வேலை. கணக்கு வாத்தியாரான என்னால் அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்க முடியவில்லை. நம் ஏட்டில் அவன் ஞானத்தந்தை என்று இருப்பது என் பெயர். அந்த வேலையைச் செய்தவர் பாய்.

இனி என்ன செய்யலாம்?

ஞானப் பெற்றோராக இருப்பவர்களே, உங்கள் ஞானப்பிள்ளையின் வயதைக் கணக்குப் பாருங்கள். 12-க்கும் 18-க்கும் நடுவே இருந்தால் மாதம் ஒருமுறையாவது பாருங்கள். தூரத்தில் இருந்தால் பேசுங்கள். மார்க்கைப் பற்றி முதலில் கேட்காதீர்கள். அதைக் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. ஒரு வருடமாவது தொடர முடியாது என்றால் தொடங்க வேண்டாம். உறுதிபூசுதலுக்கும் ஞானஸ்நானத்தின் ஞானப் பெற்றோரே நிற்பது விரும்பத்தக்கது என்று திருச்சபைச் சட்டம் சொல்வதற்குப் பொருள் உண்டு. புதியதாக ஒரு சட்டை எடுத்துக் கொடுப்பவரைத் தேடாமல், முதலில் நின்றவரையே மறுபடி கூப்பிடுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வேறொருவரிடம் மனம் திறந்தால் பொறாமைப்படாதீர்கள். "அவரிடம் என்ன சொன்னாய்" என்று குடையாதீர்கள். ஆனால் யாரிடம் பழகுகிறது, எங்கே போகிறது என்பதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்.

இதைப் பேசத் தயங்கக் கூடாது, ஆகையால் பேசுகிறேன். பிள்ளைகளோடு பழகும் பெரியவர் எல்லோரும் நல்லவர் அல்லர். அந்த வேதனையைத் திருச்சபையும் பல நாடுகளில் கண்டுவிட்டது. பிள்ளையோடு பேசுவது நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும். "வீட்டில் சொல்லாதே" என்று எவர் சொன்னாலும் அவரை விட்டு விலகு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை ஒரு கொடுமையைச் சொன்னால் மூடி மறைக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை; செய்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், எந்த உடை உடுத்தியவராக இருந்தாலும் சரி.

நம் பங்கில் தச்சர் இருக்கிறார், தையற்காரர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், ஓய்வுபெற்ற தபால்காரர் இருக்கிறார். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவரைச் சுற்றி எப்போதும் நாலு பையன்கள் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர் பிரசங்கம் செய்வதில்லை. சுருதி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். ஆனால் அந்தப் பையன்கள் வீட்டில் பேசாததெல்லாம் அங்கே பேசுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த தொழில் எதுவானாலும், அதைச் செய்யும்போது பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுங்கள்.

பின்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "நாளைக்கு வா" என்று ஒரு வாத்தியார் சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். இன்னொரு வாசலில் போய் நில்லுங்கள். இந்தக் கூட்டத்தில் திறக்கும் வாசல் நிச்சயம் இருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணை மாலை ஆறு மணிக்கு மேல் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. விடைத்தாள் எதுவும் இல்லை.

தெரியாமல் இருந்த ஏழு பேரில் இதுவரை மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டேன். ஒருத்தி என் குரலை அடையாளம் தெரியாமல் "யாருங்க?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இன்னும் நான்கு பேர் பாக்கி. பொன்விழா ஆண்டு முடிவதற்குள் அவர்களையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்புகிறேன். திருப்பலிக்குப் பின் பங்கு அலுவலகத்தில் ஏடுகள் திறந்திருக்கும். உங்கள் பெயர் எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று நீங்களும் வந்து பாருங்கள்.